செருகி வைத்த கம்பளி

(கோபாலபுரத்தில் ஒரு ஞாயிறு மாலை, அக்கம்பக்கத்தார் கூடியிருந்த சிறு கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)



முதல் முறை வெளிநாடு போய்வந்ததைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். கோபாலபுரத்தில் இதைப் பேச நான் எதற்கு என்று முதலில் தயங்கினேன். இங்கே வெளிநாடு போகாத வீடு எது? கதீட்ரல் சாலை முனையில், மேம்பாலத்தை ஒட்டி இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தை நாம் தினமும் கடந்து போகிறோம். காலையிலேயே அங்கே வரிசை நிற்கிறது. கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் வங்கிக் கணக்கு, கல்யாணப் பத்திரிகை, மகனின் சம்பளச் சீட்டு. மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள், கேட்கப்போகும் கேள்விகளுக்கு உதட்டுக்குள்ளேயே பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த முகங்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசையும்.

போய்வந்ததை எழுதியவர்களுக்கும் தமிழில் குறைவில்லை. கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்து, உலகத்தைச் சுற்றி, சுற்றியதையெல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதிவைத்தார். தி. ஜானகிராமன் ஜப்பானுக்குப் போனார், ‘உதயசூரியன்’ வந்தது. நம் நான்காவது தெருவில் வாழ்ந்த கலைஞர் கருணாநிதி, 1970இல் பாரிஸில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக்குப் போனார், பயண நூலும் எழுதினார். நான் இன்று பேசப்போவது பயண நூல் எதுவும் எழுதாத ஒருவரைப் பற்றி. அவர் எழுதிய நோட்டுப் புத்தகங்களை உலகம் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் போன ஊர் எப்படி இருந்தது என்று அவர் சொன்னது, வீட்டுக்கும் நண்பர்களுக்கும் போட்ட சில கடிதங்களில்தான். சீனிவாச ராமானுஜன்.

நான் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். ராமானுஜன் பெயரை ஆண்டுக்குப் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். அவர் கண்டுபிடித்ததைச் சொன்னேன். அவர் பட்டதைச் சரியாகச் சொல்லவில்லை. அதற்காகவும்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

1914 மார்ச் 17. சென்னைத் துறைமுகத்தில், இங்கிலாந்துக்குக் கிளம்பும் ‘நெவாசா’ என்ற கப்பல். ராமானுஜனுக்கு இருபத்தாறு வயது. கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளிவைக்கும் காலம். அம்மா கோமளத்தம்மாள் முதலில் சம்மதிக்கவே இல்லை. பிறகு குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து தடுக்காதே என்று சொன்னதாகச் சொல்லி, சம்மதித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தந்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாயைத் தன் பெற்றோருக்கு அனுப்பிவிடும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். ஊருக்குப் போய்ச் சேரும் முன்பே வீட்டுக்குப் பணம் அனுப்ப ஏற்பாடு. நம் பிள்ளைகள் இன்றும் செய்வது இதுதான்.

கிளம்புவதற்கு முன் குடுமியை எடுத்தார்கள். கோட்டும் டையும் வாங்கினார்கள். கத்தி, முள்கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழக்கினார்கள். அம்மாவையும் பதினைந்து வயது நிரம்பாத மனைவி ஜானகியையும் முன்னமே கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார். குடுமி இல்லாத தலையை, அந்த வேஷத்தை, அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். கப்பல் ஏறுவதற்கு முன்பே அவர் சொந்த வீட்டுக்கு அயலார் ஆகிவிட்டார்.

ஏப்ரல் 14ஆம் தேதி லண்டன். இங்கே ஆனந்த வருஷம் பிறந்த கையோடு அவர் அங்கே இறங்கியிருக்கிறார். கணித அறிஞர் நெவில் காரோடு வந்து அழைத்துப் போனார். கேம்பிரிட்ஜில் நெவில் வீட்டில் ஆறு வாரம் தங்கினார். அந்தத் தம்பதி நல்லவர்கள், அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள். அவருடைய முதல் நாட்களின் கஷ்டங்களைப் பின்னால் நெவிலே எழுதியிருக்கிறார். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பழக்கமில்லாத காய்கறிகள். இருபத்தாறு வருஷம் காற்றாடத் திரிந்த பாதங்களை நசுக்கிய பூட்ஸ்.

காலணி என்றதும் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் மகள் கேம்பிரிட்ஜுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காக, பணி ஓய்வு பெற்ற மறு வருஷம் ஏப்ரலில் போனேன். எனக்கு அதுதான் முதல் விமானம், முதல் வெளிநாடு. அறுபது வயது வரை செருப்பு மட்டுமே போட்ட கால். காலுறை போட்டு ஷூவுக்குள் திணித்த முதல் வாரம் விரல்களுக்கு நடுவே புண். ராமானுஜன் அறையில் ஸ்லிப்பரோடு இருந்ததை எத்தனையோ பேர் விசித்திரமாக எழுதியிருக்கிறார்கள். அது விசித்திரம் அல்ல, வலி.

அந்த ஊரில் எனக்கு முதலில் தட்டுப்பட்டது அமைதி. தெருவில் ஒரு குரல் இல்லை. கீரை, பால், பழைய பேப்பர், கோலமாவு என்று நம் தெருவில் காலை எப்படித் தொடங்கும்! அங்கே விடிந்துவிட்டது என்பதையே காதால் அறிய முடியாது. இரண்டாவது, வெளிச்சம். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதேகாலுக்கும் வெயில். விளக்கேற்றும் வேளை எது என்று எனக்குத் தெரியவில்லை. மணி ஆறரைக்கு ஏற்றினால் வெளியே பட்டப்பகல், இருட்டட்டும் என்று காத்திருந்தால் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. ஒரு வாரம் இதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு திண்டாடினேன். மகளிடம் கேட்கவில்லை. பேறுகாலத்தில் இருப்பவளிடம் இதைப் போய்க் கேட்பதா என்று ஒரு கூச்சம். கைகழுவும் தொட்டியில் இரண்டு குழாய், ஒன்றில் கொதிநீர், மற்றதில் ஐஸ். நடுவே எப்படிக் கழுவுவது? அதையும் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் முறை போகிறவருக்குப் பெரிய விஷயங்களை எல்லோரும் சொல்லித்தருவார்கள். பாஸ்போர்ட்டை எங்கே வைப்பது, எந்த வரிசையில் நிற்பது, என்ன பதில் சொல்வது. நாமே போகிறவருக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தருகிறோம். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்குக் குழந்தையிலிருந்து பழகிப்போன சின்ன விஷயங்களை யாரும் சொல்வதில்லை. ஒளிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. அது ஒரு விஷயம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. வந்தவருக்கோ அதைக் கேட்க வெட்கம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மனிதர் அவதிப்படுகிறார்.

இப்போது அந்தக் கம்பளிக் கதைக்கு வருகிறேன். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் மாணவர். பின்னால் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பெரியவர். அவர் சொன்னதை, நம் சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதன் தன் ராமானுஜன் நூலில் பதிவு செய்திருக்கிறார். ராமானுஜன் அப்போது டிரினிடி கல்லூரியின் ஹியூவெல்ஸ் கோர்ட்டில் அறை எடுத்திருந்தார். ஒரு குளிர்நாளில் மகலனோபிஸ் அவரைப் பார்க்கப் போனார். ராத்திரியில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு மேலே சால்வையைப் போர்த்தித்தான் படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். போர்வை போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன, ஒன்றுக்கு மேல் பல. எல்லாம் இறுக்கமாக மெத்தைக்கடியில் செருகி, மேலே விரிப்பு விரித்து வைக்கப்பட்டிருந்தன. கம்பளியை இழுத்துப் பிரித்து அதற்குள் புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேல்விரிப்புக்குள் மட்டும் படுத்து நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் பிரித்துக் காட்டினார்.

முப்பத்தோரு வருஷம் இந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இவ்வளவு பெரிய மேதைக்கு இது தெரியவில்லையே என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பெயராவது மனத்தில் நிற்கும் என்று நானும் அதற்குத் தோதாகவே சொன்னேன்.

நான் லண்டனில் இறங்கிய முதல் இரவு. விமானம் தாமதமாகி நள்ளிரவை நெருங்கிவிட்டது. காலையில் கேம்பிரிட்ஜ் போகலாம் என்று மாப்பிள்ளை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே எனக்கு ஓர் அறை எடுத்திருந்தார். அறையை ஒழுங்காகக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் பக்கத்து அறைக்குப் போனார். கட்டிலைப் பார்த்தேன். வெள்ளைத் துணி, கல்யாண மேடை போல, ஒரு சுருக்கம் இல்லை. எங்கேயும் ஓரம் தெரியவில்லை. கலைத்தால் தப்பாகிவிடுமோ என்று அதன் மேலேயே படுத்து, ஊரிலிருந்து கொண்டுபோன சால்வையைப் போர்த்திக்கொண்டேன். குளிர் முதலில் பாதத்தில் ஏறியது, பிறகு முட்டியில். எழுந்து உட்கார்ந்து ஸ்வெட்டரைப் போட்டேன். மறுபடி படுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. இருட்டில் கையைவிட்டுத் துழாவி, மெத்தைக்கடியிலிருந்து ஓரத்தை உருவி எடுத்தேன். உள்ளே கனமான போர்வை.

எனக்கு அந்தக் கதை முன்னமே தெரிந்திருந்தது. அதனால் ஒரு மணி நேரத்தில் தப்பித்தேன். அவருக்கு எந்தக் கதையும் தெரியாது. அவர் எத்தனை இரவு அப்படிப் படுத்திருந்தார்? அன்று வெகுநேரம் நான் தூங்கவில்லை. என் வகுப்பறைச் சிரிப்பு ஒவ்வொன்றும் காதில் கேட்டது.

சாப்பாட்டுக்கு வருகிறேன், அதுதான் அவரைத் தின்றது. அவர் தீவிர சைவம். கல்லூரிச் சமையலறையை நம்ப மனம் வரவில்லை. 1915 தொடக்கத்தில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நல்ல பாலும் பழமும் கிடைக்காதிருந்தால் இன்னும் கஷ்டப்பட்டிருப்பேன் என்கிறார், ஒன்றிரண்டு பண்டத்தைத் தானே சமைத்துக்கொள்ளத் தீர்மானித்ததைச் சொல்கிறார். தபாலில் அவர் கேட்ட பொருள்களில் இரண்டைச் சொல்கிறேன். கொட்டை எடுத்த புளி. நல்ல தேங்காய் எண்ணெய். கொட்டை எடுத்த, நல்ல என்ற அந்த இரண்டு அடைமொழிகளைப் பாருங்கள். தபால் எடைக்குப் பணம் கட்டுபவர் ஊரில் இருக்கும் நண்பர், அவருக்குப் பாரம் கூடக் கூடாது. எண்ணெயோ நல்லதாக இருக்க வேண்டும், இரண்டாம் தரமாக வந்துவிட்டால் அங்கே மாற்று வாங்க வழியே இல்லை. இதற்கு நடுவே 1914 ஆகஸ்டில் உலகப் போர் தொடங்கியிருந்தது. டிரினிடி கல்லூரியின் ஒரு முற்றமே காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருத்துவமனை ஆனது. போர் இந்த நாட்டில் நடக்கவில்லை, பக்கத்து நாட்டில்தான் நடக்கிறது என்று அம்மாவுக்குத் தெம்பு சொல்லி எழுதினார் ராமானுஜன். 

நான் அங்கே இருந்தபோது மகள் என்னை மில் ரோடு என்ற கடைத்தெருவுக்கு அழைத்துப் போனாள். ஒரு கடையில் கறிவேப்பிலை, துவரம்பருப்பு, பெருங்காயம், முருங்கைக்காய்கூட இருந்தது. அலமாரியில் புளிப் பொட்டலம், விதை நீக்கியது என்று அச்சிட்டிருந்தது. அதைக் கையில் எடுத்தவள் திரும்ப வைக்க முடியாமல் நின்றேன். ஹியூவெல்ஸ் கோர்ட்டிலிருந்து அந்தக் கடைக்கு நடந்தே வந்துவிடலாம். வருஷம்தான் நூறு தள்ளிப்போய்விட்டது.

இன்னொரு சம்பவத்தையும் கதையாகச் சொல்லிச் சிரிப்பார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராமானுஜன் ஒரு நாள் சட்டர்ஜி என்ற நண்பரையும் அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணையும் மற்றொரு பெண்மணியையும் தன் அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். தானே ரசம் வைத்துப் பரிமாறினார். ஒரு முறை, இரண்டு முறை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது முறை பெண்கள் போதும் என்றுவிட்டார்கள். பேச்சு தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ராமானுஜனைக் காணோம். கீழே விசாரித்தால் டாக்சி பிடித்துப் போய்விட்டார் என்றார்கள். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி, பணம் அனுப்பச் சொல்லி. தான் சமைத்ததை அவர்கள் வேண்டாம் என்றது தாங்கவில்லை என்று திரும்பி வந்து சொன்னார்.

இதைக் கிறுக்கு என்று எழுதுகிறவர்கள் நம் பந்தியில் உட்கார்ந்ததில்லை. இலைக்கு முன்னால் குனிந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுவது நமக்கு மொழி. மாதக்கணக்கில் வேறு யாருடைய ஊரிலோ, யார் தயவிலோ இருந்தவர், அன்று ஒரு பொழுதுக்கு விருந்தோம்புகிறவராக நிமிர்ந்து நின்றார். கையில் கரண்டி, கரண்டியில் ரசம், கும்பகோணமே அதில் இருந்தது. அதற்குப் ‘போதும்’ என்ற பதில் வந்தது. வந்த பெண்களையும் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அந்த மொழி தெரியாது, அவ்வளவுதான்.

கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராமானுஜனை உலகத்துக்குக் காட்டியவர் அவர், நாம் என்றும் நன்றி சொல்ல வேண்டியவர். பல வருஷம் கிட்டத்தட்டத் தினமும் சந்தித்துப் பேசியும் ராமானுஜனிடம் பல விஷயங்களைக் கேட்காமலே விட்டுவிட்டேன், இப்போது வருந்துகிறேன் என்று 1936இல் ஹார்வர்டில் அவரே ஒப்புக்கொண்டார். தினமும் அரை டஜன் புதிய தேற்றங்களோடு வருகிறவரிடம் வேறு என்ன கேட்பது என்று இருந்திருக்கிறது. அவர் சொன்னது கணிதத்தைப் பற்றி. அந்த வாக்கியத்தை நான் கணிதத்தோடு மட்டும் நிறுத்திப் படிப்பதில்லை. என்ன சாப்பிட்டாய்? தூங்கினாயா? வீட்டிலிருந்து கடிதம் வந்ததா? நாமே மறந்துவிட்ட கேள்விகளாக இவை இருந்தாலும், அங்கே இவற்றைக் கேட்க ஒரு மனிதர் வேண்டியிருந்தது. மகலனோபிஸ் கேட்டது ஒரே கேள்வி. கேட்டதோடு நிற்காமல் அறைக்குள் போய்ப் பார்த்தார்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். 1917இல் படுக்கையில் விழுந்தார். மருத்துவ விடுதி மாற்றி விடுதி. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிடி கல்லூரியின் ஃபெலோ. 1919 ஏப்ரலில் எலும்பும் தோலுமாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். வந்தவரைத் தங்கவைத்த முதல் வீடு எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில். பிறகு லஸ் சர்ச் சாலை. இங்கிருந்து நாம் காய்கறி வாங்கப் போகிற தூரம். 1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டில் முடிந்தது. வயது முப்பத்திரண்டு. ஜானகி அம்மாள் 1994 வரை இருந்தார், திருவல்லிக்கேணியில், தையல் வேலை செய்து தன் காலில் நின்று.

நான் ஊர் திரும்பிய பிறகு நடந்த ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் காவலுக்கு ஒரு பையன் வந்தான். பத்தொன்பது, இருபது வயது. அசாம்காரன். குவாஹாட்டியிலிருந்து சென்னைக்கு ரயிலில் இரண்டு நாளுக்கு மேல். நாம் லண்டனுக்குப் பறக்கும் நேரத்தில் அவன் ஒடிசாவைக்கூட எட்டியிருக்க மாட்டான். சென்னை அவனுக்கு முதல் வெளியூர். வந்த மூன்றாம் வாரம் அவன் முகம் வற்றிவிட்டது. கேட்டைத் திறக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்வான். எல்லோரும் பார்த்தோம். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று சொல்லிக்கொண்டு வண்டியை ஓட்டிப் போனோம்.

ஒரு மதியம் கீழே இறங்கிப் போய், எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இந்தியில், “என்ன சாப்பிடுகிறாய் தம்பி? தண்ணீர் எங்கே பிடிக்கிறாய்?” என்று கேட்டேன். தோட்டத்துக் குழாயைக் காட்டினான். எங்கள் போர் தண்ணீர், உப்பும் துருவும் கலந்தது, நாங்கள் செடிக்கும் துணிக்கும் மட்டும் விடுவது. குடிக்கக் கேன் போடுகிறவர் வாரம் மூன்று நாள் வருகிறார், அவருக்குக் கதவு திறந்துவிடுவதே இவன்தான். அந்தக் கேன்கள் எதற்கு என்று இவனுக்கு யாரும் சொல்லவில்லை. பணக்காரர்கள் வாங்குகிற ஏதோ ஒன்று என்று நினைத்திருக்கிறான். சென்னைக்காரர் யாருக்கும் இது சொல்லித்தர வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வீடு, அதில் நானும் ஒருத்தி. லண்டன் அறையில் துழாவிய கை என் கைதான், ஆனாலும் மூன்று வாரம் எனக்குத் தோன்றவில்லை.

கேனுக்கு ஏற்பாடு செய்தோம். டாக்டரிடம் காட்டினோம். பத்து நாளில் தேறினான். அதன்பிறகு ஒரு நாள் தயங்கித் தயங்கி, “அம்மா, ஒன்று கேட்கலாமா?” என்றான். ஊருக்குப் பணம் அனுப்பவோ, லீவுக்கோ கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது, இந்த ஊரில் கடுகெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று.

நம் தெருக்கடைகளில் விசாரித்தேன். நல்லெண்ணெய் இருக்கிறது, கடலை எண்ணெய் இருக்கிறது, அது இல்லை என்றார்கள். சௌகார்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். மூன்றாவது கடையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். “இதில் எதும்மா வேண்டும்?” என்று கடைக்காரர் கேட்டார். நல்லதாகக் கொடுங்கள் என்றேன். கேட்டருகே அவன் கையில் கொடுத்தபோது மூடியைத் திருகி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றான். ஹாரன் அடித்த காருக்கு அன்று நானே கதவைத் திறந்துவிட்டேன்.